பாதிக் கணக்கு

முதலில் பச்சையானது வெர்னா ஸ்விக்கரின் தலைமுடி.
எழுபத்தோரு வயது வெள்ளை முடி.
தேவாலயத்தில் பின்வரிசைக்காரர்கள்
பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் குளியல் தொட்டி.
சொட்டு விழும் இடத்தில் நாக்கு நீளத்துக்கு ஒரு நீலம்.
வினிகர் ஊற்றித் தேய்த்தாள். போனது.
வியாழக்கிழமைக்குள் திரும்பி வந்து நின்றது
பாக்கி கேட்பவன் மாதிரி.

சமையலறைக் கூரை ஒழுகியபோதுதான்
என்னைக் கூப்பிட்டாள்.

லூனென்பர்க்கிலிருந்து இருபது நிமிடம்.
ஸ்ப்ரூஸ் காடு, கருங்கல்,
கருங்கல்லைத் துளைத்து அவள் கிணறு.
சுண்ணாம்பு ருசி அறியாத மண் இது.
ஊசியிலை மக்கில் ஊறி,
வழியெல்லாம் கரிவாயுவைக் குடித்து,
தின்ன ஒன்றும் கிடைக்காமல்
வீடு வந்து சேரும் தண்ணீர்.
பசித்த தண்ணீர் என்போம் எங்கள் தொழிலில்.
தொட்டால் பட்டு. சோப்பு நுரை பொங்கி வழியும்.
ராத்திரி முழுக்கக் குழாயில் படுத்தபடி
செம்பை நக்கிக்கொண்டிருக்கும்.

காப்பீட்டு ஆள் முன்பே வந்து
தண்ணீர்தான் குற்றவாளி என்று எழுதிப் போயிருந்தான்;
தண்ணீர் செய்த குற்றத்துக்குக் காப்பீடு கிடையாதாம்.
தண்ணீரைச் சோதித்தவர் சொன்னார்:
அமிலம் உண்டு, ஓட்டை போடும் அளவு இல்லை,
குழாய்தான் மட்டம்.
வெர்னாவின் தம்பி சொன்னான்:
தரைக்கம்பியைக் குழாயில் கட்டியிருக்கிறார்கள்,
மின்சாரம் தின்கிறது.
அவளுக்கு மட்டும் செத்துப்போன கணவன்மேல் சந்தேகம்.
“லெமுவல் எதையும் மலிவாகத்தான் வாங்குவார்.”

வளைவை அறுத்து, நெடுக்கில் பிளந்தேன்.
உள்ளே குதிரைக் குளம்புத் தடங்கள்.
பொடிப்பொடியாய், எல்லாம் ஒரே திசையில்,
கடைசிக் குளம்பு அழுந்திய இடத்தில்
குண்டூசி முனை அளவு வெளிச்சம்.
குதிரை புறப்பட்ட இடத்தைத் தேடினேன்.
மூட்டின் வாயில், குழாயை வெட்டியபோது
உள்பக்கம் மடிந்த பிசிர்.
யாரும் சீவிவிடாத பிசிர்.
ஓடிவந்த தண்ணீர் அதில் இடறி, சுழன்று,
சுவரின் பழுப்புத் தோலை
ஆறவிடாமல் உரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எவன் செய்த வேலை இது
என்று வாய்விட்டே கேட்டேன்.
உத்தரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:
22 மூட்டு, செவ்வாய்.
பக்கத்தில் சின்னதாக ஒரு மீன்.

அந்த மீனை வரைபவன்
இந்தக் கரையில் ஒருவன்தான்.

அந்த வருடம் மணிக்கணக்கில் கூலி இல்லை,
வீட்டுக்கணக்கு.
ஒரு பிசிரைச் சீவ அரை நிமிடம்.
பதினோரு நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறேன்.
அதை என்ன செய்தேன்?
சிகரெட் பிடித்திருப்பேன்.
நினைவில்லை.

செம்புக்குக் களிம்பு கூடப்பிறந்தது
என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.
மேசைமேல் காப்பீட்டுக் காகிதம்
எனக்காகவே வாதாடிக்கொண்டிருந்தது.

சொன்னேன்.

அறுத்த துண்டை வாங்கி
சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள்.
நகம் தடுக்கியது.
“பாதி தண்ணீர், பாதி நீ” என்றாள்.
“உன் பாதியை நீ போட்டுக்கொள்.
தண்ணீரின் பாதியை நான் தருகிறேன்.
என் கிணறுதானே.”

கிணற்றடியில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய தொட்டி வைத்தேன்.
வீட்டுக்குள் வரும் முன்
வயிறு நிறையட்டும் தண்ணீருக்கு.
மாலைக்குள் ஆறு மூட்டுகளைத் திறந்தேன்.
ஐந்தில் பிசிர்.
ஒன்று மட்டும் வழவழவென்று இருந்தது.
ஏன் அதை மட்டும் சீவினேனோ.
மீதியைத் திறக்க நாளை வரவேண்டும்.
அந்த வருடத்து மற்ற வீடுகளை
நான் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

வண்டி ஏறும்போது கேட்டாள்:
“முடி எப்போது வெளுக்கும்?”
வளர்ந்துதான் போகணும் என்றேன்.
“ஈஸ்டருக்குள்?”
விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன்.
நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை இருக்கும்.